காடித் தொழிலில் கலனும் குழாய் இணைப்பும்

தென்னை மிகுந்த பகுதிகளில் கொப்பரைக் களத்தைக் காணாதவர் இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை, காங்கயம், பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய இடங்களில் நாள்தோறும் தேங்காய் உடைக்கப்படுகிறது. பருப்பு கொப்பரையாகிறது, ஓடு கரியாகிறது, மட்டை கயிறாகிறது. நீர் ஒன்றுதான் பெரும்பாலும் தரையில் கொட்டப்பட்டு, களத்தின் ஓரத்தில் தேங்கி, மறுநாளே புளித்து நாற்றமெடுக்கிறது. இந்நீரைக் காடியாக்கினால் அது ஊறுகாய்க்கும் சமையலுக்கும் உதவும் விலைப்பொருளாகும். கடைகளில் 'வினிகர்' என்ற பெயரில் விற்கப்படுவது இக்காடியின் இனமே. தென்னை வளர்ச்சி வாரியமும் இத்தொழிலை ஊக்குவித்து வருகிறது.

இதனை மேற்கொள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களும் உழவர் குழுக்களும் முன்வருவது வரவேற்கத்தக்கது. கடன் எங்கே கிடைக்கும், இடம் எவ்வளவு வேண்டும், சரக்கை யார் வாங்குவார் என்றெல்லாம் அவர்கள் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிகின்றனர். ஆனால் கலனின் அடியில் எந்த வால்வைப் பொருத்துவது, எந்த இணைப்பை வாங்குவது என்று கேட்பவர் அரியர். அது கொல்லன் பட்டறையிலோ குழாய்க் கடையிலோ முடிந்துவிடும் சிறு விஷயம் என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் சரக்கு தேறுவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்தச் சிறு விஷயத்தைப் பொறுத்தே அமைகின்றன. எனவே அதனை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

காடி உண்டாகும் முறை

காடி இரண்டு கட்டங்களில் உண்டாகிறது. தேங்காய் நீரில் இயற்கையாக உள்ள இனிப்பு போதாது. ஆகையால் நீரை வடிகட்டி, நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இனிப்பு இருக்குமாறு சர்க்கரை சேர்த்து, காய்ச்சி, ஆற்றி, ஈஸ்ட் என்னும் நொதியைக் கலக்கிறோம். 4 முதல் 7 நாட்களில் ஈஸ்ட் அச்சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. இது முதற் கட்டம். பின்னர்த் தெளிந்த நீரை வேறு கலனுக்கு மாற்றி, முன்பே தயாரான தாய்க்காடியைச் சேர்த்துக் காற்றுப்பட வைக்கிறோம். காடிப் பாக்டீரியாக்கள் காற்றின் துணைகொண்டு சாராயச் சத்தை அசெட்டிக் அமிலமாக்குகின்றன. இது இரண்டாம் கட்டம். காடி உண்டாவது நுண்ணுயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஆய்ந்து விளக்கினார். அவரது நூல் 1868-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் கலனில் நாம் வரவேற்கும் அதே பாக்டீரியா, முதற் கலனில் நுழைந்தால் திருடன் ஆகிறது. ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன்னரே அமிலம் சேர்ந்துவிட்டால் ஈஸ்ட் சோர்ந்து போகும். சர்க்கரை பாதியிலேயே நின்றுவிடும். முடிவில் கிடைப்பது வலுக் குறைந்த நீர்த்த காடியே ஆகும்.

இதனால் விளையும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொதிக்க வைத்துச் செய்யும் காடியில் 100 மில்லி லிட்டருக்கு 3.75 கிராமுக்குக் குறையாமல் அசெட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 100 லிட்டர் நீரில் உள்ள 10 கிலோ சர்க்கரை முழுவதும் சிறிதும் வீணாகாமல் மாறினால் ஆறரை கிலோவுக்கு மேற்பட்ட அமிலம் கிடைக்கலாம். ஆனால் நடைமுறையில் நான்கு அல்லது ஐந்து கிலோ கிடைத்தாலே நன்று. விதி கேட்பதோ 3.75 கிலோ. ஆக இடைவெளி மிகக் குறுகியது. கலனின் ஒரு மூலையில் தங்கிய அழுக்கு அந்த இடைவெளியை விழுங்கிவிடப் போதுமானது.

எப்பொருளால் ஆன கலன்?

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரையும் புளிக்குழம்பையும் வைக்கலாகாது என்பது நம் இல்லங்களில் வழிவழியாக அறிந்த செய்தி. வைத்தால் பச்சை நிறக் களிம்பு ஏறும். செம்பு அமிலத்தில் கரைவதால் அது உண்டாகிறது. ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் இட்டு வைத்ததும் இதே அறிவினால்தான். காடி, மோரைவிடக் கடிய அமிலம். ஆயினும் தொட்டி மட்டும் எவர்சில்வராக இருந்தால் போதும் என்று எண்ணி, அதன் அடியில் பித்தளைக் குழாயை முடுக்கிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. இது பொருந்தாது. பித்தளையில் உள்ள செம்பும் துத்தநாகமும் காடியில் கரையும். கடைசல் எளிதாவதற்காகப் பித்தளையில் சேர்க்கப்படும் ஈயமும் உடன் வரக்கூடும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் இவ்வாறே தள்ளத்தக்கது.

துருவேறா எஃகிலும் பல தரங்கள் உண்டு. 304 என்னும் தரத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 316 என்னும் தரத்தில் இவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் சேர்ந்துள்ளது. உப்பும் அமிலமும் கூடிய இடத்தில் இது அதிகம் தாங்கும். நீர்த்த காடிக்கு, சாதாரண வெப்பநிலையில், 304 போதும். இரண்டாம் கட்டக் கலனுக்கும் அதன் வால்வுக்கும் 316 கிடைக்குமாயின் மேலும் நல்லது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யப்படும் 202 போன்ற மலிவான தரங்களை அமிலத்திற்கு நம்புதல் ஆகாது.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று சிலர் கூறுவர். இச்சோதனை போதாது. 202-லும் காந்தம் ஒட்டாது. நல்ல 304-ஐ வளைத்துத் தட்டிய இடத்தில் சிறிது ஒட்டவும் கூடும். ஆகவே தரத்தைப் பட்டியலில் எழுதி வாங்குவதும், ஆலைச் சான்றிதழின் நகலைக் கேட்பதுமே முறை.

இணைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும்?

இக்கட்டுரையின் மையக் கருத்து ஒன்றே: கழற்ற முடியாததைக் கழுவ முடியாது.

வீட்டுத் தண்ணீர்க் குழாய்களில் மரை வெட்டி, நூலோ டெஃப்லான் நாடாவோ சுற்றி முடுக்குகிறோம். தண்ணீருக்கு அது போதும். இனிப்பு நீர் செல்லும் வழியில் அம்மரைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் நுண்ணுயிர்களின் குடியிருப்பாகும். தூரிகை அங்கே செல்லாது; வெந்நீரும் சரியாகப் பாயாது. தொட்டியில் துளையிட்டு, உள்ளும் புறமும் நட்டும் வாசரும் வைத்து முடுக்கும் முறையிலும் இதே குறை உண்டு.

பால் பண்ணைகள் இச்சிக்கலை முன்பே தீர்த்துக்கொண்டன. நம் நாட்டுப் பால் பண்ணைகளில் 'எஸ்.எம்.எஸ். யூனியன்' என்னும் இணைப்பு மிகப் பழக்கமானது. இதில் மரை வெளிப்புற நட்டில் இருக்கிறது. பால் மரையைத் தொடுவதில்லை. கொக்கிச் சாவியால் திருகித் திறக்கலாம். மற்றொன்று 'டிரை கிளாம்ப்' என்பது. இரு குழாய் முனைகளிலும் தட்டையான விளிம்பு இருக்கும். இதைக் கடைக்காரர் 'ஃபெரூல்' என்பார். இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே ஒரு வளையம். மேலே ஒரு பிடிவளை. அதில் கையால் திருகும் இறக்கை நட்டு. சாவி எதுவும் தேவையில்லை. குழுவிலுள்ள எந்தப் பெண்மணியும் ஒரு நிமிடத்தில் கழற்றிக் கழுவி மாட்டிவிடலாம். சிறு தொழிலுக்கு இதனையே நாம் முதலாவதாகப் பரிந்துரைக்கிறோம்.

அளவு கேட்கும்போது எச்சரிக்கை வேண்டும். ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளி விட்டம் 48.3 மில்லி மீட்டர். ஒன்றரை அங்குலப் பால் பண்ணைக் குழாயின் வெளி விட்டமோ 38.1 மில்லி மீட்டர்தான். பெயர் ஒன்று, பொருள் வேறு. அன்றியும் டிரை கிளாம்ப் வகையில் 1 அங்குல ஃபெரூலுக்கும் ஒன்றரை அங்குல ஃபெரூலுக்கும் வெளி விளிம்பு ஒன்றே, இரண்டும் 50.5 மில்லி மீட்டர். ஆகையால் ஒரே பிடிவளை இரண்டுக்கும் பொருந்திவிடும். ஆனால் உள் துவாரம் வேறு. ஒன்றை மற்றொன்றோடு பூட்டினால் உள்ளே ஒரு படி உண்டாகும். அப்படியில் கசடு தங்கும். எனவே இரு முனைகளும் நடு வளையமும் ஒரே துவார அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குதல் அவசியம்.

ஃபெரூலைத் தொட்டியோடு சேர்க்கும் பற்றவைப்பு ஆர்கான் வாயு கொண்டு செய்யப்பட வேண்டும். உட்புறம் வழவழப்பாகத் தேய்க்கப்பட வேண்டும். பால் பண்ணைத் தரத்தில் உட்பரப்பின் கரடு 0.8 மைக்ரோ மீட்டருக்கு மேற்படலாகாது என்பர். இது ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. கிராமத்தில் இதனை அளக்கக் கருவி இராது. விரல் நுனியாலும் பஞ்சாலும் தடவிப் பார்க்கலாம். பஞ்சின் இழை சிக்கினால் அழுக்கும் சிக்கும்.

கிளைக் குழாய் வைக்க நேர்ந்தால், அதன் நீளம் அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் அடங்க வேண்டும். நீண்ட முட்டுச் சந்தில் நீர் தேங்குவதைப் போல நீண்ட கிளையிலும் சரக்கு தேங்கும்.

வால்வின் தேர்வு

கடைக்காரர் 'பால் வால்வு' என்று ஒன்றைக் காட்டுவார். பெயரைக் கேட்டுப் பாலுக்கென்றே செய்தது போலும் என்று மயங்க வேண்டா. உள்ளே பந்து போன்ற உருண்டை சுழல்வதால் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது. மூடும்போது அவ்வுருண்டையைச் சுற்றியுள்ள இடுக்கில் சிறிது சரக்கு சிறைப்படும். அடுத்த முறை திறக்கும்போது அப்பழஞ்சரக்கு புதுச் சரக்கோடு கலக்கும். இதனைத்தான் வாங்க வேண்டியிருந்தால், மூன்று துண்டாகக் கழலும் வகையை வாங்கி, ஒவ்வொரு தடவையும் பிரித்துக் கழுவ வேண்டும். ஒரே துண்டாக வார்த்த வகையைத் தொடவே வேண்டா.

இதனினும் சிறந்தது 'பட்டர்ஃபிளை வால்வு'. குழாயின் நடுவே ஒரு தட்டு திரும்பி அடைக்கிறது. சுற்றிலும் ரப்பர் வளையம். உருண்டையைச் சுற்றியுள்ளது போன்ற இடுக்கு இதில் இல்லை, பிரிப்பதும் எளிது. கலனின் அடிவாய்க்கு இதுவே தகுதியானது. மரத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் 'கேட் வால்வு' இவ்வேலைக்கு எவ்விதத்திலும் ஏற்றதன்று.

ரப்பர் வளையம்

மிக மலிவான உறுப்பு வளையமே. மிகுதியாகத் தொல்லை தருவதும் அதுவே. 'ஈ.பி.டி.எம்.' என்னும் ரப்பர் நீர்த்த காடியையும் வெந்நீரையும் நன்கு தாங்கும். ஆனால் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். எண்ணெய்ச் செக்கும் காடித் தொழிலும் ஒரே இடத்தில் நடந்தால் வளையங்களைக் கலந்துவிடலாகாது. சிலிக்கோன் வெப்பத்தைத் தாங்கும், மென்மையானது, எனினும் காற்றைச் சிறிது கசிய விடும். டெஃப்லான் எந்த அமிலத்துக்கும் அஞ்சாது. ஆனால் கடினமானது, அழுத்தத்தில் நாளடைவில் தட்டையாகி விடுவதால் மறுபடி முடுக்க வேண்டியிருக்கும். காடிக்கு நைட்ரைல் ரப்பரைவிட ஈ.பி.டி.எம். மேலானது. எதுவாயினும் உணவுத் தரம் என்று எழுத்தில் உறுதி பெற்று வாங்குக.

முதற் கலனின் வளையங்களையும் இரண்டாம் கலனின் வளையங்களையும் வெவ்வேறு நிறத்தில் வாங்கி வைப்பது சிறந்த வழக்கம். காடி ஊறிய வளையம் இனிப்பு நீர்க் கலனுக்குச் சென்றால் திருடனை நாமே கதவு திறந்து அழைத்ததாகும். வெடிப்பு, தடிப்பு, நாற்றம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் வளையத்தை மாற்றிவிட வேண்டும்.

மூடியும் காற்றுப் போக்கியும்

200 லிட்டர் கலனில் 20 கிலோ சர்க்கரை முழுதும் நொதித்தால் ஏறத்தாழ 10 கிலோ கரியமில வாயு வெளிப்படும். அதன் பருமன் 5,000 லிட்டருக்கு மேல். இவ்வளவும் வெளியேற வழி இல்லாவிடில் கலன் வெடிக்கும். எனவே முதற் கலனின் மூடியில் நீர்ப்பூட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். உள்ளிருந்து வரும் வாயு நீரினூடே குமிழியாக வெளியேறும். வெளிக்காற்றும் ஈயும் உள்ளே புகா. மூடியில் பொருத்திய ஃபெரூலிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து நீர் நிறைந்த குவளையில் அமிழ்த்தினாலும் போதும். குழாயின் நடுவில் எவ்வித வால்வும் இருத்தலாகாது.

இவ்வாயு காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தங்கும். பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் முன்னோர் வழக்கத்தை இங்கே நினைவில் கொள்வது நலம். கலனுக்குள் தலையை விட்டுக் கழுவுவதும், உள்ளே இறங்குவதும், காற்றோட்டமற்ற அறையில் கலன்களை வைப்பதும் உயிருக்கு ஆபத்து. கழுவும் தூரிகைக்கு நீண்ட கைப்பிடி வேண்டும் என்பது இதனாலும்தான்.

இரண்டாம் கலனுக்கு நேர் எதிரான விதி. அதற்குக் காற்று வேண்டும். ஆகவே அகன்ற வாயில் நெருக்கமாக நெய்த தூய துணியைக் கட்டி, ஈ புகாமல் காக்க வேண்டும். அங்கே நீர்ப்பூட்டு வைத்தால் காடி உண்டாகாது.

கழுவும் முறை

சரக்கை வடித்தவுடன், கசடு காயுமுன், தண்ணீரால் அலசுக. பின்னர் எல்லா இணைப்புகளையும் கழற்றி, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் மென்மையான தூரிகையால் தேய்த்து, நன்கு அலசுக. இறுதியாக 80 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கால் மணி நேரம் மூழ்க வைத்து, கவிழ்த்து உலர விடுக. இரும்பு நார் கொண்டு தேய்க்கலாகாது. அதன் துகள்கள் பதிந்து, துருவேறா எஃகிலும் துரு தோன்றும். பிளீச்சிங் பவுடர் எஃகைக் குழிகுழியாக அரிக்கும். அன்றியும் அது காடியோடு சேர்ந்தால் நச்சுத் தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும். ஆதலால் காடிக் கொட்டகைக்குள் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவரவே வேண்டா.

பணம் குறைந்த குழுக்களுக்கு

இவையனைத்தையும் வாங்க இயலாத குழுக்கள் மனம் தளர வேண்டா. உணவுத் தரப் பிளாஸ்டிக் பீப்பாயில், குழாய் எதுவும் பொருத்தாமல், மேலிருந்து ரப்பர்க் குழாய் வழியே தெளிந்த நீரை இறக்கிக்கொள்ளலாம். குழாயை வாயால் உறிஞ்சாமல், நீர் நிரப்பி விட வேண்டும். தவறான வால்வு உள்ள எஃகுத் தொட்டியைவிட வால்வே இல்லாத எளிய பீப்பாய் சிறந்தது. ஆனால் பூச்சி மருந்தோ இரசாயனமோ வந்த பழம் பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பணம் கொடுக்குமுன்

தொட்டி வந்து இறங்கியதும் கையொப்பமிட்டு விடாமல் மூன்று சோதனைகளைச் செய்க. முதலாவது, குழு உறுப்பினர் ஒருவரே எல்லா இணைப்புகளையும் கழற்றி மாட்டிப் பார்க்கட்டும். பட்டறைக்காரர் துணையின்றி அது முடிய வேண்டும். இரண்டாவது, கலனில் நீர் நிரப்பி ஓர் இரவு வைத்துக் கசிவு உண்டா என்று காண்க. மூன்றாவது, அடி வால்வைத் திறந்து நீரை வடித்தபின் விளக்கடித்து உள்ளே நோக்குக. எங்கேனும் நீர் தங்கி நின்றால் அடிச்சரிவு போதாது என்று அறிந்து திருப்பி அனுப்புக.

தொழிலைத் தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெற வேண்டும். முதற் கட்டத்தில் சாராயச் சத்து உண்டாவதால், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையினரிடமும் முன்கூட்டியே விவரம் கூறி, வேண்டிய அனுமதியை எழுத்து மூலம் கேட்டறிந்து கொள்வது கடமையாகும்.

குழுவின் கடனில் பெரும்பகுதி தொட்டிக்குச் செல்கிறது. சிறுபகுதியே வால்வுக்கும் வளையத்துக்கும் ஆகிறது. அச்சிறுபகுதியில் சிக்கனம் பார்த்து, பெரும்பகுதியை இழந்துவிடலாகாது. ஒரு கலன் சரக்கு கெட்டால் இழப்பது சர்க்கரையின் விலை மட்டுமன்று. வாங்குபவரின் நம்பிக்கையும், கடன் தவணையைக் குறித்த நாளில் கட்டும் குழுவின் நற்பெயரும் உடன் போகும். ஊர்நல அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் குழுவினர் கலன் வாங்கச் செல்லுமுன் இச்செய்திகளை அவர்களுக்கு எடுத்துக் கூறுவார்களாக. களத்து ஓரத்தில் வீணாகும் நீர், தூய கலனின் வழியே, நம் கிராமத்துப் பெண்களின் வருவாயாக மாறட்டும்.